வண்டி எப்போது ஹீட் ஆகிறது? கூலிங், சென்சார் கோளாறுகளை நீங்களே கண்டுபிடிக்க

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருக்கும்போது டெம்பரேச்சர் முள் மேலே ஏறினால் அது ஒரு கோளாறு. அதே வண்டி மீஞ்சூரில் அவுட்டர் ரிங் ரோடு ஏறி 90-ல் போகும்போது ஏறினால் அது வேறு கோளாறு. மெக்கானிக் ஷெட்டில் போய், "அண்ணா, வண்டி ஹீட் ஆவுது" என்று மட்டும் சொன்னால் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), தெர்மோஸ்டாட் (சூடானதும் அதற்கு வழி திறக்கும் வால்வு), ரேடியேட்டர், வாட்டர் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போக வேண்டியதுதான். கடைசியில் பழுதானது இருபது ரூபாய் ஃபியூஸாகக்கூட இருக்கும். எந்த நேரத்தில், எந்த வேகத்தில், ஏசி போட்டா போடாமலா என்று நாலு நாள் கவனித்துக் குறித்துக்கொண்டு போனால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

குறித்ததைப் படிக்கும் விதம் இதுதான்.

நின்றாலோ ஊர்ந்தாலோ மட்டும் ஹீட் ஆகி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ஃபேன் பக்கம் பாருங்கள். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதும். நிற்கும் வண்டிக்கு ஃபேன்தான் காற்று.

வேகமாகப் போகும்போது மட்டும் ஏறினால் பெரும்பாலும் தண்ணீர் ஓட்டத்தில்தான் குறை. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் அரைகுறையாகத் திறக்கலாம், வாட்டர் பம்ப் இறக்கை அரித்துப் போயிருக்கலாம். கீழ் ஹோஸ் இளகிப்போய், ஆக்சிலரேட்டர் அழுத்தினால் பம்ப் உறிஞ்சும் வேகத்தில் சப்பிக்கொள்வதும் உண்டு.

ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்துக்குள் கொதித்தால் கூலண்ட் இல்லை, அல்லது தெர்மோஸ்டாட் மூடியபடி மாட்டிக்கொண்டது, அல்லது ஹெட் கேஸ்கட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள சீல்) போயிருக்கிறது. முள் ஏறுவதும் சடாரென்று விழுவதுமாக ஆடினால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது, அல்லது சென்சார் கனெக்டர் லூஸ். முள் நடுவுக்கே வராமல் கீழேயே கிடந்தால் அதுவும் கோளாறுதான். அதைப் பற்றிக் கீழே.

கையில் இருக்க வேண்டியவை

ஓபிடி ப்ளூடூத் அடாப்டர் (வண்டியின் கம்ப்யூட்டர் தரும் எண்களைப் போனுக்கு அனுப்புவது) ஒன்று, அதற்கான செயலி உள்ள போன், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், டார்ச், ஒரு பழைய துணி. அடாப்டர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். இன்று வரும் சின்ன கார்கள் பலவற்றில் டெம்பரேச்சர் முள்ளே கிடையாது. இன்ஜின் ஆறியிருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். சிவப்பு எரியும்போது பெரும்பாலும் காரியம் கெட்டிருக்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு இந்த அடாப்டர்தான் முள். டிரைவர் பக்கம் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள சாக்கெட் இருக்கும், அதில் சொருக வேண்டும். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். நாள்கணக்கில் விட்டால் சிலவகை அடாப்டர்கள் பேட்டரியைக் குடித்துவிடும்.

முதல் வேலை ஆறிய இன்ஜினில்

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பே தொடங்குங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி உள்ளே சுமார் 0.9 முதல் 1.1 பார் வரை அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120-ஐ ஒட்டிய சூட்டில்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும். அதுவரை கொதிக்காமல் இருந்தது சடாரென்று கொதித்து, ஆவியும் வெந்நீருமாக முகத்துக்கு வரும். துணி போட்டுத் திறந்தாலும் இதே கதைதான்.

ரிசர்வ் டேங்கில் மட்டம் குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் நடுவே இருக்கிறதா பாருங்கள். தனியாக ரேடியேட்டர் மூடி உள்ள வண்டியில் அதையும் திறந்து பார்ப்பது அவசியம். டேங்க் நிரம்பியிருந்து ரேடியேட்டர் காலியாக இருப்பது அடிக்கடி நடப்பது. சூட்டில் டேங்குக்குப் போன கூலண்ட், ஆறும்போது திரும்ப உறிஞ்சப்பட வேண்டும். மூடியின் நடுவில் உள்ள சின்ன வால்வு கெட்டால் அது திரும்பாது. வண்டி ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தால் சந்தேகமே வேண்டாம், மூடியை மாற்றுங்கள். புது மூடியில் பழைய மூடியில் இருந்த அதே அழுத்த எண் இருக்க வேண்டும். அதிக எண் போட்டால் இன்னும் நல்லது என்று நினைத்து மாற்றினால் பழைய ஹோஸோ ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியோ வெடிக்கும்.

இனி முன்னால் இருக்கும் ஏசி கண்டென்ஸருக்கும் அதன் பின்னால் உள்ள ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் ஓடும் வண்டிகளில் லாரி கிளப்பும் புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து இந்த இடத்தில் கம்பளி மாதிரி படிந்திருக்கும். முன்னால் இருந்து பார்த்தால் கிரில் சுத்தமாகத் தெரியும், அடைப்பு நடுவில். சாதாரண குழாய்த் தண்ணீரை மெதுவாக, இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகப் பாய்ச்சிக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே வைத்து அடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கிப்போய் இருந்த வழியும் அடைபடும். ராயபுரம், காசிமேடு போலக் கடலை ஒட்டி வருடக்கணக்கில் நிற்கும் வண்டியில் இந்தத் தகடுகள் விரல் பட்டாலே பொடிப்பொடியாக உதிரும். உதிர்ந்தால் கழுவிப் பயனில்லை, ரேடியேட்டர் மாற்ற வேண்டியதுதான்.

காலை நேர ஒப்பீடு

செலவே இல்லாத, ஆனால் பலரும் செய்யாத சோதனை இது. இரவு முழுக்க நின்ற வண்டியில் அடாப்டரைச் சொருகி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். செயலியில் கூலண்ட் சூடு, உள்ளே வரும் காற்றின் சூடு இரண்டையும் பாருங்கள். இரவெல்லாம் நின்ற இன்ஜினில் இரண்டும் வெளிக்காற்றின் சூட்டுக்கே வந்திருக்க வேண்டும். 29, 30 என்று காட்டினால் இரண்டு சென்சாருமே நல்லவை. ஒன்று 30, மற்றொன்று 47 என்றால் எது ஊரின் சூட்டோடு ஒத்துப்போகவில்லையோ அது பொய் சொல்கிறது. மானிஃபோல்டு (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்) அழுத்த சென்சார் உள்ள வண்டியில் அதையும் இப்போதே பார்த்துவிடலாம். சென்னை கடல் மட்டத்தில் இருப்பதால் இன்ஜின் ஓடாதபோது அது 100 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஓடும்போது) 30, 40-க்கு இறங்க வேண்டும்.

இப்போது ஸ்டார்ட் செய்து கூலண்ட் சூட்டை மட்டும் கவனியுங்கள். ஒரே சீராக ஏறி, 80-களில் ஓரிடத்தில் தயங்கும், சில சமயம் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அதுதான் தெர்மோஸ்டாட் திறக்கும் தருணம். நின்றபடியே விட்டால் 95, 100 வரை ஏறி ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும், சூடு இறங்கும், ஃபேன் நிற்கும், மறுபடி ஏறும். எண்கள் வண்டிக்கு வண்டி மாறும். இந்த ஏற்ற இறக்கத் தாளம் மாறாது. 30-லிருந்து 70-க்கு ஒரே தாவாகத் தாவினால் அது இன்ஜின் செய்வதல்ல. உலோகமும் தண்ணீரும் தாவிச் சூடாகாது. வயரோ கனெக்டரோதான் தாவும்.

செக் லைட் எரிந்தால்

டாஷ்போர்டில் இன்ஜின் செக் லைட் எரிந்தால் செயலியில் ஒரு கோளாறு எண் தெரியும், அதைத்தான் கோடு என்பார்கள். கோடு என்பது பார்ட்ஸ் பட்டியல் அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டாலே வீண் செலவு பெரும்பகுதி குறையும். "கூலண்ட் சென்சார் கோடு வந்திருக்கு" என்றால் அந்த சென்சார், அதன் கனெக்டர், இரண்டு வயர் எல்லாம் சேர்ந்த சர்க்யூட்டில் ஈசியூவுக்கு, அதாவது வண்டியின் கம்ப்யூட்டருக்கு, பிடிக்காத எண் வந்தது என்று மட்டுமே அர்த்தம். அழிப்பதற்கு முன் அந்தக் கோடோடு சேமிக்கப்பட்ட விவரங்களை, அதாவது அப்போது என்ன வேகம், என்ன சூடு என்பதை, ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு எண்ணை அழித்தால் அதுவும் போய்விடும்.

கூலண்ட் சென்சார் எளிமையான சாமான். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். ஈசியூ 5 வோல்ட் அனுப்பி, எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்து சூட்டைக் கணக்கிடுகிறது. ஆறிய இன்ஜினில் அதிக வோல்டேஜ், சூடான இன்ஜினில் குறைந்த வோல்டேஜ். இதைப் புரிந்துகொண்டால் கோடுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பி0118 என்றால் வோல்டேஜ் மிக அதிகம்: எங்கோ வயர் அறுந்திருக்கிறது அல்லது கனெக்டர் கழன்றிருக்கிறது, செயலி மைனஸ் 40 டிகிரி காட்டும். சென்னையில் மைனஸ் 40! பி0117 என்றால் வோல்டேஜ் மிகக் குறைவு: இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டன, செயலி 130-க்கு மேல் காட்டும். பி0128 வந்தால் இன்ஜின் சூடாக வேண்டிய நேரத்தில் சூடாகவில்லை. தெர்மோஸ்டாட் திறந்தபடி நிற்கிறதா பாருங்கள். பி0480 ஃபேனை இயக்கும் சர்க்யூட். பி0217 வந்தால் இன்ஜின் நிஜமாகவே அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. இதைச் சென்சார் கோளாறு என்று ஒதுக்காதீர்கள்.

சென்சாரை மாற்றும் முன் செய்ய வேண்டியது இரண்டே நிமிட வேலை. இரண்டு பின் உள்ள கூலண்ட் சென்சார்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்று பின் சென்சாரில் இதைச் செய்யக் கூடாது. சாவி ஆன், இன்ஜின் ஆஃப். கனெக்டரைக் கழற்றினால் செயலியில் மைனஸ் 40 வர வேண்டும். கழற்றிய கனெக்டரின் இரண்டு துளைகளையும் மெல்லிய கம்பியால் இணைத்தால் எண் சடாரென்று உச்சத்துக்கு ஏற வேண்டும். இரண்டும் சரியாக நடந்தால் வயரும் ஈசியூவும் நல்லவை, பழுது சென்சாரில்தான். கம்பி வைத்தும் மைனஸ் 40 அசையவில்லை என்றால் புது சென்சார் வாங்கிப் பயனில்லை; வயரைத் தேடுங்கள். கனெக்டரைக் கழற்றியதும் பல வண்டிகளில் பாதுகாப்புக்காக ஃபேன் தானாகச் சுற்றும், பயப்பட வேண்டாம். கையை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய சென்சாரை டம்ளரில் வைத்தும் சோதிக்கலாம். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு பின்னிலும் பிடியுங்கள். பல கார்களில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம்ஸ் இருக்கும். நம் ஊர் அறைச் சூட்டில் அதைவிடக் கொஞ்சம் குறையும். முனையை மட்டும் கொதித்து இறக்கிய வெந்நீரில் நனைத்தால் 300 ஓம்ஸை ஒட்டி இறங்கும். இறங்கும்போது வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். நடுவில் ஒருமுறை எண் மறைந்து திரும்ப வந்தாலும் அந்த சென்சாரை நம்பாதீர்கள். வண்டியில் அந்த ஒரு நொடிதான் முள்ளை ஆட்டும்.

வடசென்னையில் சென்சாரைவிட அதிகம் கெடுவது கனெக்டர். உப்புக் காற்றில் பின்கள் பச்சை பூத்துப்போகும். டார்ச் அடித்துப் பார்த்தால் செம்புப் பின்னின் ஓரத்தில் பச்சைப் பொடி தெரியும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு, துளியூண்டு டைஎலக்ட்ரிக் கிரீஸ் வைத்து மாட்டுங்கள். உப்புத்தாளால் சுரண்டினால் பின்னின் முலாம் போய் இன்னும் சீக்கிரம் பச்சை பூக்கும். சம்பந்தமே இல்லாத மூன்று நான்கு சென்சார் கோடுகள் ஒரே நாளில் வந்தால் மூன்று சென்சார் ஒன்றாகச் செத்துவிடவில்லை. பொதுவான 5 வோல்ட் வயரிலோ எர்த்திலோ பிரச்சினை. தெருவில் நிறுத்தும் வண்டி என்றால் முதலில் எலி கடித்த தடம் தேடுங்கள்.

இன்னொரு சென்சாரையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதன் பழி பெரும்பாலும் கூலிங் மேல் விழும். வண்டி நன்றாகச் சூடானதும் திடீரென்று நின்றுபோய், அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனால், கிராங்க் சென்சாரை (இன்ஜின் சுற்றுவதை ஈசியூவுக்குச் சொல்வது) சந்தேகப்படுங்கள். சூட்டில் அதன் உள்சுற்று அறுந்து, ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். பி0335 வரலாம், வராமலும் போகலாம். நின்ற உடனே செயலியில் பாருங்கள்: கூலண்ட் 92-லேயே இருந்து, ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆர்பிஎம் பூஜ்யமாகவே காட்டினால் அதுதான்.

ஃபேன் சுற்றவில்லை

ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி போட்டதும் ஃபேன் சுற்ற வேண்டும். ஏசிக்குச் சுற்றி, சூட்டுக்குச் சுற்றவில்லை என்றால் மோட்டார் நல்லது. சென்சார் சொல்லும் எண்ணையும், இரண்டு வேகம் உள்ள ஃபேனில் மற்ற வேகத்தின் ரிலேயையும் (ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் மின் சுவிட்ச்) பாருங்கள். எதற்குமே சுற்றவில்லை என்றால் வரிசை இதுதான்: ஃபியூஸ், ரிலே, மோட்டார். ரிலேயைப் பக்கத்தில் உள்ள அதே நம்பர் ரிலேயோடு இடம் மாற்றிப் பாருங்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால் ஃபேன் கனெக்டரைக் கழற்றி, ஃபியூஸ் உள்ள வயரால் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுங்கள். சுற்றினால் மோட்டார் பிழைத்தது. தட்டிவிட்டால்தான் சுற்றுகிறது என்றால் பிரஷ் தேய்ந்துவிட்டது. மழையில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டியில் ஃபேன் மோட்டார் சில வாரம் கழித்துத்தான் இறுகும்; மழையும் இதுவும் ஒன்றோடு ஒன்று தொடர்புடையது என்று யாருக்கும் தோன்றாது.

"டைரக்ட் பண்ணிடலாம் சார், சாவி போட்டா சுத்திட்டே இருக்கும்" என்பார்கள். அவசரத்துக்கு வீடு வந்து சேர அது உதவும். அதையே நிரந்தரமாக்காதீர்கள். சின்ன கார் ஃபேனே 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ரிலே இல்லாத மெல்லிய வயர் உருகும். அதைவிட மோசம், ஃபேன் ஏன் சுற்றவில்லை என்ற கேள்வியே மறைந்துபோகும்.

தெர்மோஸ்டாட்

"நம்ம ஊரு சூட்டுக்கு இது எதுக்கு" என்று கழற்றிப் போட்டுவிடுவது இங்கே பரவலான வழக்கம். கழற்றினால் நெடுஞ்சாலையில் இன்ஜின் 60, 70 டிகிரியைத் தாண்டாது. இன்ஜின் இன்னும் ஆறியே இருக்கிறது என்று நினைத்து ஈசியூ பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் விழும், எண்ணெயில் பெட்ரோல் கலக்கும், பி0128 வரும். தெர்மோஸ்டாட்டே சுற்றுவழியையும் மூடும் வகை இன்ஜினாக இருந்தால், அதைக் கழற்றியதும் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியில் சுற்றி, டிராஃபிக்கில் முன்பைவிட அதிகமாகக் கொதிக்கும்.

சோதிக்க அடுப்பு போதும். தெர்மோஸ்டாட்டின் வால்வு இடுக்கில் தையல் நூலை மாட்டி, நூலில் தொங்கவிட்டுப் பாத்திரத் தண்ணீரில் முக்குங்கள். அடியில் படக் கூடாது. தண்ணீரில் தெர்மாமீட்டர் வைத்து மெல்லச் சூடாக்குங்கள். வால்வு விரிய ஆரம்பித்ததும் நூல் நழுவி, தெர்மோஸ்டாட் கீழே விழும். அப்போதைய சூடு, அதன் உடம்பில் அடித்திருக்கும் 82 அல்லது 88 போன்ற எண்ணை ஒட்டி இருக்க வேண்டும். தண்ணீர் கொதித்தும் விழவில்லை என்றால் தூக்கிப் போடுங்கள். மாட்டும்போது ஸ்பிரிங் பக்கம் இன்ஜினை நோக்கி இருக்க வேண்டும்; காற்று போகச் சின்னத் துளை இருந்தால் அது மேல் பக்கம் வர வேண்டும்.

கூலண்ட் எங்கே போகிறது

வண்டிக்கு அடியில் சொட்டுவதெல்லாம் லீக் அல்ல. ஏசி ஓடியபின் முன் சீட் பக்கம் சொட்டும் நிறமில்லாத தண்ணீர் ஏசித் தண்ணீர். விரலால் தொட்டால் வழவழப்பும் லேசான இனிப்பு வாடையும் நிறமும் இருந்தால் கூலண்ட். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், விஷம். ஹோஸ் கிளாம்ப், ரேடியேட்டரின் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் விளிம்பு, வாட்டர் பம்ப்பின் அடித்துளை ஆகிய இடங்களில் காய்ந்த வெள்ளை அல்லது நிறக் கறை தேடுங்கள். பக்கத்து சீட்டின் கால்மிதி ஈரமாகி, கண்ணாடி உள்ளே எண்ணெய்ப் படலம்போல் மங்கினால் ஹீட்டர் கோர் (ஹீட்டருக்கான குட்டி ரேடியேட்டர்) ஒழுகுகிறது. எதுவும் தெரியாவிட்டால் பிரஷர் டெஸ்டர் உள்ள ஷெட்டில், மூடியின் எண்ணைத் தாண்டாமல் அழுத்தம் ஏற்றி 15 நிமிடம் வைக்கச் சொல்லுங்கள். டெஸ்டரின் முள் இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது.

வெளியே கசிவே இல்லாமல் குறைந்தால்தான் கவலை. ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், ரிசர்வ் டேங்கில் விடாமல் குமிழ் வந்தால், ஆயில் மூடிக்கு அடியில் பால் காப்பி நிறத்தில் பிசுக்கு இருந்தால், ஹெட் கேஸ்கட். இதை உறுதிசெய்ய ஒரு நீல திரவச் சோதனை உண்டு. ரேடியேட்டர் வாயில் எரிந்த வாயு இருந்தால் பெட்ரோல் வண்டியில் மஞ்சளாகும். ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்கும் முன் இந்தச் சோதனையைக் கேளுங்கள். மழைநாளில் குறைந்த தூரம் மட்டும் ஓடும் வண்டியில் ஆயில் மூடியில் கொஞ்சம் வெண்மை படிவது சாதாரணம். அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

நிரப்புவது

மீஞ்சூர், எண்ணூர் பக்கம் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அந்த போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் கெட்டிலில் படியும் உப்பு உள்ளேயும் படியும், அலுமினியத்தையும் அரிக்கும். ரெடிமிக்ஸ் கூலண்ட் என்றால் அப்படியே ஊற்றுங்கள். கெட்டிக் கூலண்ட் என்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோடு, டப்பாவில் உள்ள விகிதத்தில், பெரும்பாலும் சரிபாதி கலக்குங்கள். சின்ன கார்களில் மொத்தம் 4 முதல் 6 லிட்டர் பிடிக்கும். கையேட்டில் சரியான அளவு இருக்கும். பனி விழாத ஊரில் கூலண்ட் எதற்கு என்றால், அது கொதிநிலையை ஏற்றுகிறது, துருவைத் தடுக்கிறது. நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள். நிறத்துக்குப் பொது விதி கிடையாது. கையேடு சொல்லும் வகைதான் கணக்கு. வகை தெரியாமல் கலந்தால் கூழாகி அடைக்கும்.

ஊற்றியபின் காற்றை வெளியேற்றாவிட்டால் நல்ல பாகங்களும் கெட்டதுபோல் நடிக்கும். முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். காற்றுத் திருகு இருந்தால் குமிழ் இல்லாமல் கூலண்ட் வரும்வரை திறந்து மூடுங்கள். கையேடு சொல்லும் முறையில் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும்வரை காத்திருங்கள். முழுச் சூட்டிலும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் இன்னும் காற்று அடைத்திருக்கிறது.

வடிகட்டிய பழைய கூலண்டைத் தெருவில் கொட்டாதீர்கள். இனிப்பாக இருப்பதால் தெருநாய் நக்கும், நக்கினால் செத்தும் போகலாம். மூடி போட்ட கேனில் பிடித்து ஷெட்டில் கொடுத்துவிடுங்கள்.

வழியில் கொதித்தால்

ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில், ப்ளோயரை முழு வேகத்தில் வையுங்கள். ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள், அந்த ஹீட்டர் இப்போது உங்களுடைய இரண்டாவது ரேடியேட்டர். ஓரம் கட்டுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தாலோ ஆவி வந்தாலோ உடனே ஆஃப். ஆவி அடங்கும்வரை பானெட்டைத் திறக்க வேண்டாம். மூடியைத் தொட குறைந்தது முக்கால் மணி நேரம் ஆகட்டும். இன்ஜின் மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம். இன்ஜின் நின்றிருந்தாலும் ஃபேன் திடீரென்று சுற்றலாம், விரலைக் கொண்டு போகாதீர்கள். கூலண்ட் போய், கையில் கேன் தண்ணீர் மட்டும் இருந்தால், நன்றாக ஆறியபின் ஊற்றி, பக்கத்து ஷெட்வரை மெல்லப் போகலாம். பிறகு அதை வடித்துவிட்டுச் சரியான கலவை ஊற்றுங்கள்.

எந்தப் பழுதைச் சரிசெய்தாலும், ரிசர்வ் டேங்கின் மேல் மார்க்கர் பேனாவால் அன்றைய மட்டத்தில் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். தினமும் காலையில், வண்டி ஆறியிருக்கும்போது, அந்தக் கோட்டோடு ஒப்பிடுங்கள். முதல் இரண்டு நாளில் கொஞ்சம் இறங்கினால் மிச்சக் காற்று வெளியேறியிருக்கும், ஊற்றி நிரப்புங்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகும் இறங்கிக்கொண்டே போனால் லீக்கை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.